டைரக்ட் கொடுக்காத அக்கா

அக்காவின் கடைக்குள் நின்றுகொண்டு "டைரக்ட்" என்ற சொல்லைச் சொல்லிவிட்டு நல்லபடியாக வெளியே வந்தவர்கள் யாரும் கிடையாது. நானே இரண்டு முறை சொல்லி, இரண்டு முறையும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

டைரக்ட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வண்டியில் ஒரு சுவிட்ச் கெட்டுப்போகும், அல்லது ஒரு ஃப்யூஸ் அடிக்கடி போகும். அதைச் சரிசெய்ய நேரமும் பொறுமையும் வேண்டும். யாரிடம் இருக்கிறது? நடுவில் இருப்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு இந்தப் பக்கத்து ஒயரையும் அந்தப் பக்கத்து ஒயரையும் முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள். வண்டி ஓடும். அதுதான் டைரக்ட். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை பாதி வண்டிகள் இப்படித்தான் ஓடுகின்றன என்று சொன்னால் யாரும் என்னோடு சண்டைக்கு வர மாட்டார்கள்.

அக்கா ஆட்டோ எலக்ட்ரீஷியன். எண்ணூர் விரைவுச் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், தகரக் கொட்டகை வரிசையில் மூன்றாவது கடை. நான்காவது என்னுடையது. கார்களுக்கு சீட் தைக்கிறேன். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு தகரம்தான் சுவர், அவர் அந்தப் பக்கம் ஆளைத் திட்டினால் இந்தப் பக்கம் என் மெஷின் நின்றுவிடும். ஏழு வருடம் அப்படி இருந்தோம். அவருடைய பெயர் எனக்குத் தெரியும், ஆனால் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவரைவிட வயதில் மூத்த டிரெய்லர் டிரைவர்கள்கூட "யக்கா" என்றுதான் வந்து நிற்பார்கள்.

காலை ஒன்பது மணிக்கு ராயபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவார். புடவைக்கு மேல் காக்கிச் சட்டை. கழுத்தில் சின்னச் சிலுவை, அதற்குப் பக்கத்திலேயே கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லாம்ப்பின் ஒயர் தொங்கும். வந்ததும் டீ குடிக்க மாட்டார். முதல் நாள் முடித்த வேலையை மறுபடி ஒருமுறை போட்டுப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் டீ.

அவர் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "வச்சவன் இன்னா லூசா?" ஒரு பாகம் எதற்கு இருக்கிறது என்று நமக்குப் புரியவில்லை என்றால் அது வேண்டாத பாகம் என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். அக்காவிடம் அந்தப் பருப்பு வேகாது. வைத்தவன் ஏதோ ஒரு காரணத்துக்காகத்தான் வைத்திருக்கிறான், காரணம் தெரிகிறவரை அதைத் தொடக் கூடாது.

எம்.கே.பி. நகரிலிருந்து ஒரு டாக்ஸிக்காரர் வந்தார். டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு அணையாமல் எரிகிறது, பாசஞ்சர்கள் பயப்படுகிறார்கள், அந்த பல்பை மட்டும் கழற்றிவிடுங்கள் என்றார்.

"ஏம்பா, உன் கொழந்த அழுதா இன்னா வலிக்குதுன்னு பாப்பியா, இல்ல வாய பொத்துவியா?" என்றார் அக்கா.

டாக்ஸிக்காரர் கோபித்துக்கொண்டு கிளம்பப் பார்த்தார். அக்கா சாவியைக் கொடுக்கவில்லை. மத்தியானம் வரை காருக்குள் தலைகீழாகக் கிடந்து, சீட்டுக்கு அடியில் ஒரு கனெக்டர் பிடுங்கிக்கொண்டு கிடப்பதைக் கண்டுபிடித்தார். பிடுங்கியது நான். போன வாரம் அந்த வண்டிக்கு சீட் கவர் மாட்டும்போது என் கை பட்டிருக்கிறது. அக்கா வரிசையில் இருந்த எல்லாக் கடைக்காரர்களையும் கூப்பிட்டு, டார்ச் அடித்து, அதைக் காட்டினார். அன்றைக்கு நான் சாப்பாட்டுக்கு வெளியே போகவே இல்லை.

இன்னொரு முறை என் கடைக்கே வந்துவிட்டார். சீட் பெல்ட் போடாவிட்டால் கார் கீச்சுக் கீச்சென்று கத்துமே, அந்தச் சத்தத்தை நிறுத்த ஒரு கிளிப் இருக்கிறது. பெல்ட் மாட்டும் இடத்தில் அதைச் சொருகிவிட்டால் பெல்ட் போட்டதாக நினைத்துக் கார் சும்மா இருக்கும். நான் அதை ஒரு டப்பா நிறைய வாங்கி வைத்து விற்றுக்கொண்டிருந்தேன். நன்றாகவே போயிற்று. அக்கா ஒன்றை எடுத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், "இதுவும் டைரக்ட்டுதான்" என்றார். டப்பாவோடு கொண்டுபோய்ச் சந்தின் கோடியில் இருக்கும் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு வந்தார். எட்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. நியாயமாகப் பார்த்தால் திருந்தியிருக்க வேண்டும். நான் மறுபடி வாங்கி, மேஜைக்கு அடியில் வைத்து விற்றேன். அவ்வளவுதான் என் யோக்கியதை.

அவருடைய வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் கிடையாது. அதைப் பற்றி அவராகப் பேச மாட்டார். பக்கத்து லேத்துக்காரர் சொல்லித்தான் தெரியும். சின்ன வயதில் எண்ணூர் பக்கம் ஒரு பிரஸ் கம்பெனியில் வேலை பார்த்திருக்கிறார். தகடு அடிக்கும் மெஷினில் இரண்டு பொத்தான் இருக்கும், இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மெஷின் இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காக அப்படி. வேலை சீக்கிரம் நடக்கட்டும் என்று யாரோ ஒரு பொத்தானுக்கு டைரக்ட் கொடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலேயே கம்பெனி ஆட்கள் ஒரு காகிதத்தை நீட்டினார்களாம், கவனக்குறைவால் நடந்தது என்று எழுதி. அக்கா பேனாவை இடது கையில் வாங்கி, அதற்குக் கீழே, "மிஷினுக்கு டைரக்ட் குடுத்திருந்தாங்க, குடுத்தவங்க பேரும் தெரியும்" என்று கோணல்மாணலாக எழுதி, அதன் கீழேதான் கையெழுத்துப் போட்டாராம். வேலை போனது. லேத்துக்காரர் இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா கடையை இழந்தது அந்தக் காரால்தான்.

எங்கள் கொட்டகை வரிசைக்குச் சொந்தக்காரர் ராயபுரத்துப் பெரியவர் ஒருவர். ஒரு காலத்தில் கப்பல்களுக்கு மளிகையும் கயிறும் சப்ளை செய்தவர். ஊர் திரும்பிப் போன ஒரு கப்பல் கேப்டனிடமிருந்து அவர் வாங்கிய கார் அது. அமெரிக்க மசில் கார், இரண்டு கதவு, எட்டு சிலிண்டர், ஸ்டியரிங் இடது பக்கம். ஸ்டார்ட் செய்தால் என் கடையில் கத்தரிக்கோல் ஆடும். முப்பது வருடம் ஷெட்டில் கிடந்ததை அவருடைய மகன் வெளியே எடுத்து, ஊரின் தெற்குப் பக்கம் ஒரு பெரிய கராஜில் விட்டுப் பெயின்ட், எஞ்சின் எல்லாம் பார்த்திருந்தார். பழைய கார்களின் ராலி ஒன்றுக்குப் பேர் கொடுத்திருந்தார்கள். ஒரே ஒரு விஷயம் மட்டும் முடியவில்லை, க்ரூஸ் கன்ட்ரோல். அந்தக் கராஜ்காரர்கள், "இதை வேலை செய்ய வைக்க முடியாது, கழற்றிவிடலாம்" என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். அந்தக் காகிதத்தோடுதான் கார் அக்காவிடம் வந்தது.

க்ரூஸ் கன்ட்ரோல் என்றால், ஒரு வேகத்தில் போய்க்கொண்டே பொத்தானை அழுத்திவிட்டுக் காலை எடுத்துவிடலாம், வண்டி அதே வேகத்தில் தானாகப் போகும். கன்டெய்னர் லாரிகள் நாள் முழுக்க வரிசைகட்டி நிற்கிற எங்கள் ரோட்டில் இதை நினைத்துப் பாருங்கள். சந்தே சிரித்தது. லேத்துக்காரர், "யக்கா, நம்ம ரோட்டுல முன்னாடி கீற டிரெய்லர் வாலப் பிடிச்சிகினா போதும், அதுவே க்ரூஸ்தான்" என்றார்.

"ரோடு கீதா இல்லியான்னு ரோடு போட்டவன் பாக்கட்டும். வண்டியில கீறது வேல செய்யணும்" என்றார் அக்கா.

இப்போது வரும் கார்களில் இந்த வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. அந்தக் காரில் கம்ப்யூட்டரும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுப்பு ஒரு குழாய் வழியாகத் தகர டப்பா ஒன்றுக்குப் போகிறது. டப்பாவுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு உள்வாங்க, அதில் கோத்த குட்டி மணிச் சங்கிலி ஆக்சிலேட்டரை இழுத்துப் பிடிக்கிறது. பிரேக்கில் கால் பட்டதும் இந்தப் பிடி விட வேண்டும். அதற்கு இரண்டு ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒன்று கரண்டை நிறுத்தும் சுவிட்ச். அது என்றைக்காவது சொதப்பினால் என்று, பிரேக் பெடலுக்கு மேலே ஒரு சின்ன வால்வு. பெடல் இறங்கினால் வால்வு திறந்து டப்பாவுக்குள் காற்றை விட்டுவிடும்.

சவ்வு நைந்திருந்தது. லாரி பிரேக் ரப்பரை வெட்டிப் போட்டார், தடிமனாகிவிட்டது. காயலான் கடையில் கிடந்த பெரிய கேஸ் ரெகுலேட்டருக்குள் இருந்த ரப்பர் துணி பொருந்தியது. ஸ்பீடோமீட்டர் கேபிளைப் புதிதாகச் செய்தார். ஒயர்களைப் பிரித்துப் பார்த்தால், யாரோ ஒரு மகராசன் அந்தக் காலத்திலேயே டைரக்ட் கொடுத்திருந்தான். அன்றைக்கு முழுக்க இந்தப் பக்கம் என் மெஷின் ஓடவில்லை. உடைந்த வால்வுக்குப் பதிலாக லேத்துக்காரர் பித்தளையில் ஒன்று கடைந்து கொடுத்தார். ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே போனது. சனிக்கிழமை காலை எல்லாம் மாட்டி முடித்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ராலி.

சனிக்கிழமை மத்தியானம் காரை இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்க வைத்துவிட்டு மறுபடி சோதித்தார். சூடு ஏறியதும் வால்வுக்குள் இருந்த ரப்பர் லேசாக ஒட்டிக்கொண்டது. பெடலை அழுத்தி இரண்டு செகண்டு கழித்துத்தான் வால்வு திறந்தது. பத்து முறை அழுத்தினார். பத்து முறையும் இரண்டு செகண்டு.

பெரியவரும் மகனும் காரை எடுக்க வந்தபோது அக்கா எஞ்சினுக்குள் கையை விட்டு, அந்த மணிச் சங்கிலியைக் கழற்றித் தன் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்.

"கார் ரெடி சார். எடுத்துகினு போங்க. இத்த மட்டும் குட்க மாட்டேன்."

மகனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குரல் உயர்ந்தது. "இன்னொரு சுவிட்ச்தான் இருக்கே. அந்த வால்வை அடைச்சிட்டு டைரக்டா விடுங்க. நாளைக்கு நடுவர்கள் ஒவ்வொண்ணா போட்டுப் பார்ப்பாங்க. ரெண்டு செகண்டுல என்ன ஆகிடும்?"

"ரெண்டு செகண்டுல நீ எண்ணூர்ல இருந்து மேல போய்டுவ சார்."

"என் அப்பா ஐம்பது வருஷமா வண்டி ஓட்டறார்."

"அவருக்கோசரந்தான் சொல்றேன். அவரு காலு பிரேக்குக்கு வர்றதுக்கே நேரம் ஆவுது. எறங்கும்போது வலது கால கையால தூக்கி வைக்கிறாரு. நீ பாக்கல போல."

பெரியவரின் முகம் சிவந்துவிட்டது. மகனுக்குத் தெரியாமல் அதை அவர் மறைத்து வைத்திருந்தார் என்பது அந்தக் கணத்தில் சந்துக்கே தெரிந்துபோனது. தெரிந்தால் மகன் சாவியை வாங்கி வைத்துவிடுவான் என்ற பயம். அவர் யாரையும் பார்க்காமல் போய்க் காரின் மீது சாய்ந்து நின்றார். அக்கா அதை எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டாம் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கொட்டகைகள் போன வருடமே மகன் பெயருக்கு மாறியிருந்தன. "ஆறு மணிக்குள்ள சங்கிலி காருல இருக்கணும். இல்லன்னா கடையைக் காலி பண்ணிடுங்க" என்றார் அவர்.

நாங்கள் எல்லோரும் அக்காவைச் சூழ்ந்துகொண்டோம். அவருக்காகப் பேசவில்லை, அவரிடம் பேசினோம். அவர் கடை போனால் நாளைக்கு எங்கள் கடை. லேத்துக்காரர் பேசினார். டீக்கடைக்காரர் பேசினார். நானும் வாய் திறந்தேன். "யக்கா, ஒரு நாளைக்குத்தானே. டைரக்ட் குட்துடு. திங்கட்கிழம வந்ததும் சரி பண்ணிக்கலாம்."

அக்கா இந்த முறை என்னைத் திட்டவில்லை. அதுதான் பொறுக்க முடியவில்லை. "நீ போய் உன் வேலயப் பாரு தம்பி" என்றார்.

ஆறு மணிக்கு மகன் இழுவை வண்டியோடு வந்தார். காரை அப்படியே தூக்கிப்போய் ராலியில் நிறுத்திவிடுவது என்று முடிவு. பெரியவர் டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். மகன் கெஞ்சினார், கத்தினார். பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இழுவை வண்டி வெறுமனே திரும்பிப் போனது. மகன் போனபோது அக்காவைப் பார்த்து, "திங்கட்கிழமை காலையில இங்க ஒரு ஆணி இருக்கக் கூடாது" என்றார். அக்கா தலையை ஆட்டினார், சரி என்று.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா நேராகக் கடைக்கு வந்துவிட்டார். பெரியவரும் தனியாக ஆட்டோவில் வந்து இறங்கினார். நான் ஏன் வந்தேன் என்று எனக்குத் தெரியும். முந்தைய நாள் சொன்ன வார்த்தை வீட்டில் இருக்க விடவில்லை.

பெரியவர் பேன்ட்டைச் சுருட்டி வலது முட்டியைக் காட்டினார். இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. "அழுத்த முடியுதும்மா. அப்படியே வச்சிகினு இருக்கத்தான் முடியல. பத்து நிமிஷத்துல உயிர் போவுது. அதுக்குத்தான் இந்த வசதி வேணும்னேன். ராலிக்கு இல்ல."

"அத்த மொதல்லயே சொல்லிருக்கலாம் நைனா."

"யார்கிட்ட சொல்றது?"

அக்கா அவரைக் காருக்குள் உட்கார வைத்து, "பிரேக்க அழுத்து" என்றார். காருக்குப் பின்னால் போய் நின்று பிரேக் விளக்கைப் பார்த்துக்கொண்டு கையைத் தட்டினார். தட்டியதும் அழுத்த வேண்டும். ஐம்பது தடவை. வேகமாக, மெதுவாக, எதிர்பாராத நேரத்தில். வெயிலில் அவருக்கு வேர்த்து ஊற்றியது, ஆனால் விடவில்லை. ஐம்பதாவது தடவைக்கு அப்புறம் அக்கா, "பஜார் ரோட்டுல எல்லாம் ஓட்டாத. காலி ரோட்டுல ஓட்டு. வலிச்சா நிறுத்திடணும். சம்மதமா?" என்றார். பெரியவர் சம்மதம் என்றார். பள்ளிக்கூடத்தில் பாஸ் ஆனவர் போல இருந்தார்.

வால்வைக் கழற்றினார். ரப்பரை மாற்றி ரப்பர் போட்டார், அதுவும் ஒட்டியது. நைலான் போட்டார், காற்று கசிந்தது. கடைசியில் பம்ப் ஸ்டவ்வுக்குப் போடும் தோல் வாஷரை வாங்கிவரச் சொன்னார். அதைக் குட்டியாக வெட்டி விளக்கெண்ணெயில் ஊறப் போட்டார். தோலை வெட்டியது நான்தான், அந்த வேலை எனக்கு வரும். வால்வில் வைத்து, காரை மறுபடி இரண்டு மணி நேரம் வெயிலில் காயவிட்டு, பெடலை அழுத்தினார். உஸ் என்று உடனே காற்று போனது. இன்னொரு முறை. உடனே. அக்கா சுருக்குப் பையிலிருந்து சங்கிலியை எடுத்து மாட்டினார்.

வெளிவட்டச் சாலைக்குப் போனோம். பெரியவர் ஓட்டினார், அக்கா பக்கத்தில், நான் பின்னால். வல்லூர் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் தூரத்தில் தெரிந்தன. ஞாயிற்றுக்கிழமை என்பதால் ரோட்டில் லாரிகள் அவ்வளவாக இல்லை. முள் நாற்பது மைலுக்கு வந்ததும் பெரியவர் பொத்தானை அழுத்தினார். காலை எடுத்து, முட்டியை நீட்டி, தரையில் வைத்தார். கார் போய்க்கொண்டே இருந்தது. ஆக்சிலேட்டர் பெடல் தானாக லேசாக இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. பெரியவரின் கண் நிறைந்திருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை.

அக்கா முன்னும் பின்னும் ரோட்டைப் பார்த்தார். ஏதாவது ஆனால் எஞ்சினை அணைக்க ஒரு கையைச் சாவியில் வைத்துக்கொண்டு, மறுகையை டாஷ்போர்டுக்கு அடியில் விட்டு, பிரேக் சுவிட்ச் ஒயரைப் பிடுங்கினார். ஓடிக்கொண்டிருக்கும் காரில்! நான் முன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"நைனா, இப்ப சுவிட்ச் செத்துப்போச்சி. வால்வு மட்டுந்தான் கீது. பிரேக்க தொடு."

பெரியவர் தொட்டார். அந்த நொடியே ஆக்சிலேட்டர் விட்டது. கார் அடங்கி, ஓரத்தில் போய் நின்றது. அக்கா குனிந்து ஒயரை மாட்டினார்.

"இன்னொரு தபா போலாம் நைனா."

மறுபடி நாற்பது. மறுபடி பொத்தான். பெரியவர் இப்போது சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார். அப்போதுதான் அவருடைய போன் அடித்தது. மகன். பெரியவரின் கை ஸ்டியரிங்கை விட்டுப் போனைத் தேடியது. அக்கா அதற்கு முன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, எங்க இருக்கீங்க? ராலியில எல்லாரும் நம்ம காரைக் கேக்கறாங்க, எனக்கு மானமே போச்சு. அந்தப் பொம்பள கடையில ஒரு சாமானும் இருக்கக் கூடாது, சொல்லிடுங்க. இந்த வயசுல இனிமே நீங்களும் அந்தக் காரத் தொட வேணாம். கேக்குதா? அப்பா?"

பெரியவர் அக்காவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஏழு வருடக் கடை, நாளைக் காலை கிடையாது. அவர் முகத்தில் அது தெரிகிறதா என்று தேடினேன். அவர் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"சார், உங்க நைனா வண்டி ஓட்டிகினு கீறாரு. அப்பால பேசுங்க" என்று சொல்லிவிட்டு லைனை வெட்டினார். பிறகு பெரியவரைப் பார்த்து, "நீ ரோட்டப் பாரு" என்றார்.